வேகத்தை மறைக்கும் வண்டி



சனிக்கிழமை காலையில் திண்டிவனம்–புதுச்சேரி சாலையோரம் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். சென்னையிலிருந்து கிளம்பிய உயரமான, அகலமான, பளபளக்கும் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். உயரத்தில் ஜீப், பாய்ச்சலில் பந்தயக் கார், உள்ளே நட்சத்திர ஓட்டல் அறை. மூன்றும் சேர்ந்த வண்டிகள். விலை முக்கால் கோடி, ஒரு கோடி, அதற்கு மேலும் உண்டு. விற்பவர்கள் இதை லக்சுரி எஸ்யூவி என்பார்கள். எங்கள் வானூர்ப் பக்கத்தில் ‘பெரிய வண்டி’ என்றால் தீர்ந்தது. அப்படி ஒரு பெரிய வண்டி என்னிடமும் இருக்கிறது. பிஎம்டபிள்யூ எக்ஸ்5, டீசல். அதை ஓட்டும்போது எனக்கு என்னென்ன தெரிகிறது, எது தெரியாமல் போகிறது என்று இன்றைக்கு உங்களோடு பேசப்போகிறேன். தெரியாமல் போகிற ஒன்றைச் சொல்லத்தான் இந்த உரையே.

பெயர் ஜெர்மன் பெயர்தான். ஆனால் என் வண்டி பூட்டப்பட்டது நமக்குப் பக்கத்தில். செங்கல்பட்டை ஒட்டிய மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 மார்ச்சில் பிஎம்டபிள்யூ நிறுவனத்தின் தொழிற்சாலை தொடங்கியது. கப்பலில் வரும் பாகங்களை அங்கே ஒன்றுசேர்த்து முழு வண்டியாக்குகிறார்கள். 2015-இல் இன்ஜினைப் பூட்டித்தரும் வேலையைச் சென்னைக்கு அருகிலேயே ஃபோர்ஸ் மோட்டார்ஸ் நிறுவனம் ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு சச்சின் டெண்டுல்கர் பிஎம்டபிள்யூ தொழிற்சாலைக்கு வந்து, தொழிலாளர்களோடு நின்று ஒரு காருக்குப் பாகம் பூட்டியது செய்திகளில் வந்தது. நம் பிள்ளைகள் ஐடிஐயும் டிப்ளமோவும் படித்துவிட்டு வேலை தேடிப் போகிற வட்டாரம் அது.

உயரமான வண்டிக்குப் பந்தயக் காரின் குணத்தைக் கொடுக்கலாம் என்ற எண்ணம் எப்படி வந்தது? 1999-இல் முதல் எக்ஸ்5 வந்தது. அமெரிக்காவின் தென் கரோலினாவில், ஸ்பார்டன்பர்க் என்ற ஊரில் செய்தார்கள். அதுவரை உயரமான நான்கு சக்கர இழுவை வண்டி என்றால் பெரும்பாலும் காடு, மேடு, பண்ணை, பட்டாளம் ஆகியவற்றுக்கானது. சாலையில் திருப்பத்துக்குத் திருப்பம் ஆடும். அதை நெடுஞ்சாலைக்குப் பழக்கினார்கள். 2002-இல் போர்ஷே நிறுவனம் கயேன் கொண்டுவந்தது. பந்தயக் கார் செய்கிறவர்கள் இதையெல்லாம் செய்யலாமா என்று ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் அந்த வண்டி விற்ற பணம்தான் போர்ஷேயைத் தூக்கி நிறுத்தியது. பிறகு 2017-இல் லம்போர்கினி, 2022-இல் ஃபெராரிகூட உயரமான நான்கு கதவு வண்டிக்கு வந்துவிட்டார்கள். இதற்கிடையே 2008-இல், உயரமான வண்டிகள் செய்யும் லேண்ட்ரோவரை நம் டாடா வாங்கியது. அதே குழுமம் ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 9,000 கோடி ரூபாயில் கார் தொழிற்சாலை அமைக்க 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆக, உலகம் முழுக்க ஓடும் இந்த ஆசையில் தமிழ்நாட்டுத் தொழிலாளியின் கையும் இருக்கிறது.

இந்த வண்டியின் அடிப்படையிலேயே ஒரு முரண் உண்டு. உயரம் கூடினால் எடை மேலே போகும். எடை மேலே போனால் வளைவில் வண்டி வெளிப்பக்கம் சாயும். ஆட்கள் நிரம்பிய டவுன் பஸ் கூட்டுரோட்டில் திரும்பும்போது நின்றுகொண்டு வருகிறவர்களுக்கு இது தெரியும். எக்ஸ்5-இன் எடை இரண்டு டன்னுக்கு மேல். நீளம் ஏறத்தாழ 5 மீட்டர், அகலம் 2 மீட்டர். இதைச் சாயவிடாமல் பிடிக்க அகலமான டயர், சக்கரங்களுக்கு இடையே ஏறக்குறைய 3 மீட்டர் இடைவெளி, காற்று அடைத்த பைகளின் மேல் உட்காரும் ஏர் சஸ்பென்ஷன், நான்கு சக்கரங்களுக்கும் தேவைக்கேற்ப விசையைப் பிரித்துத் தரும் அமைப்பு என்று பல ஏற்பாடுகள். பொறியாளர்கள் இருபத்தைந்து ஆண்டுகளாக உயரத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். பெரும்பாலும் ஜெயித்தும் இருக்கிறார்கள்.

ஓட்டும்போது எப்படி இருக்கும்? திருச்சிற்றம்பலம் கூட்டுரோட்டில் ஏறி, கிளியனூர், ஓமந்தூர் வழியாகத் திண்டிவனம் போகும் நான்குவழிச் சாலையை எடுத்துக்கொள்வோம். என் வண்டியில் இருப்பது மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின். ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்பதால் ஒன்றின் அதிர்வை இன்னொன்று ஈடுகட்டிவிடும். டீசல் என்று சொன்னால்தான் தெரியும். 286 குதிரைத்திறன், 650 நியூட்டன் மீட்டர் இழுவிசை. எண்ணை விடுங்கள். முன்னால் சவுக்குக்கட்டை ஏற்றிய லாரி போகிறது, வலப்பக்கம் காலியாக இருக்கிறது. வலது காலை லேசாக அழுத்தினால் போதும், இன்ஜின் உறுமாமல், கியர் மாறுவதும் தெரியாமல், லாரி பின்னால் போய்விடும். நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 6.1 விநாடி போதும் என்று நிறுவனம் சொல்கிறது. இரண்டு டன் இரும்புக்கு அது பெரிய காரியம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் பக்கம் போனால் இதன் இன்னொரு குணம் தெரியும். ஒருபக்கம் உப்பளம், உள்பக்கம் 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளி. உயரமான இருக்கை என்பதால் சாலையோரச் செடிகளைத் தாண்டித் தண்ணீர்ப் பரப்பு கண்ணில் படும். நீண்ட தூரம் போனாலும் முதுகு வலிக்காது. வயதானவர்கள் ஏற வேண்டுமென்றால் ஒரு பொத்தானை அழுத்தி வண்டியைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்ளலாம். அப்படியும் என் அம்மா, “நம்ம மாருதியே தேவலாம்பா, இதுல ஏறதுக்கு ஒரு முக்காலி வேணும்” என்பார்.

உள்ளூர்ச் சாலையில் இதே வண்டிக்கு வேறு பரீட்சை. திருவக்கரையை எல்லோருக்கும் தெரியும். வக்கிரகாளியம்மன் கோவில், இரண்டு கோடி ஆண்டுப் பழமையான கல்மரங்கள் கிடக்கும் தேசியக் கல்மரப் பூங்கா. அந்தச் சாலையில் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர் லாரிகள் ஓயாமல் ஓடும். பள்ளம், புழுதி, வர்ணம் பூசாத வேகத்தடை எல்லாம் உண்டு. அடிப்பாகம் உயரமாக இருப்பதால் வேகத்தடையில் வயிறு தட்டாது. ஆனால் எதிரே டிப்பர் வந்தால் 2 மீட்டர் அகலத்தை எங்கே ஒதுக்குவது? ஓரத்தில் உளுந்து காயப்போட்டிருப்பார்கள். தெருவுக்குள் நுழைந்தால் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் காலை மடக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆரோவில் பக்கத்துச் செம்மண் பாதையில் மழை விட்டதும் போனால் நான்கு சக்கர இழுவை கைகொடுக்கும், சிக்காமல் வந்துவிடலாம். ஆனால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். நான்கு சக்கர இழுவை வண்டியைக் கிளப்பத்தான் உதவும், நிறுத்த உதவாது. வண்டியை நிறுத்துவது பிரேக்கும் டயரும்தான்.

டீக்கடையில் தம்பிகள் கேட்கும் முதல் கேள்வி, “மைலேஜ் இன்னா குடுக்குதுண்ணா?” நெடுஞ்சாலையில் சீராகப் போனால் லிட்டருக்கு 12 கிலோமீட்டரை ஒட்டி வரும், ஊருக்குள் அதற்கும் குறைவு. அடுத்த கேள்வி, “டாக்ஸு எவ்ளோ?” பெரிய கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 40 சதவீதம். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு 2023 நவம்பரிலிருந்து வாழ்நாள் வரி 20 சதவீதம். மூன்றாவது கேள்வியைக் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: “பாண்டில பதிஞ்சா கம்மியாமே?” நமக்கு எல்லை கூப்பிடு தூரம்தான். ஆனால் 2017-இல் கேரளத் திரைநட்சத்திரங்கள் சிலர் புதுச்சேரி முகவரியில் விலையுயர்ந்த கார்களைப் பதிவு செய்ததாக வழக்கில் சிக்கியதை நாடே பார்த்தது. வேறு மாநிலத்தில் பதிந்த வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கேதான் மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். இந்த வண்டியை வாங்க வசதியுள்ளவர் வரி கட்டவும் வசதியுள்ளவர்தான்.

இனி, முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். இந்த வண்டி ஓட்டுபவரிடமிருந்து ஒன்றை மறைக்கிறது. அது வேகம்.

ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல்லில் 50-இல் போனால் காற்று முகத்தில் அடிக்கும், கைப்பிடி அதிரும், சட்டை படபடக்கும். உடம்பு முழுவதும் ‘வேகமாகப் போகிறாய்’ என்று சொல்லும். எக்ஸ்5-இல் 100-இல் போனாலும் உடம்புக்கு ஒன்றும் தெரியாது. தடித்த கண்ணாடி காற்றின் சத்தத்தைத் தடுத்துவிடும். சஸ்பென்ஷன் அதிர்வை விழுங்கிவிடும். இன்ஜின் மூச்சுவிடுகிற சத்தம்கூடக் கேட்காது. இவற்றோடு கண்ணும் ஏமாற்றுகிறது. தரையிலிருந்து கண் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவு மெதுவாகத் தரை ஓடுவதுபோல் தோன்றும். தாழ்ந்த காரில் 60 வேகமாகத் தெரியும், உயர்ந்த வண்டியில் அதே 60 ஊர்வதுபோல் இருக்கும். நிறுவனம் விற்கிற சொகுசு என்பதே பாதிக்குமேல் இந்த மறைப்புதான். நாம் காசு கொடுப்பதும் அதற்குத்தான்.

மறைந்தாலும் வேகம் வண்டியில் இருந்துகொண்டுதான் இருக்கிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 22 மீட்டர் போகிறது. குறுக்கே ஆடு ஓடுவதைக் கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி என்று வையுங்கள். பிரேக் தொடும் முன்பே 33 மீட்டர் போய்விட்டது. காய்ந்த சாலை, நல்ல பிரேக் என்றாலும், நிற்பதற்குள் மொத்தம் ஏறக்குறைய 65 மீட்டர் ஆகிவிடும். அதே வண்டி 40-இல் வந்தால் 25 மீட்டரில் நின்றுவிடும். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். இந்தக் கணக்கு எட்டு லட்ச ரூபாய் காருக்கும் ஒரு கோடி ரூபாய் காருக்கும் ஒன்றுதான்.

உள்ளே இருப்பவருக்கு ஏர்பேக், சீட் பெல்ட், உறுதியான கூடு எல்லாம் இருக்கின்றன. வெளியே நடக்கிறவருக்கு என்ன இருக்கிறது? அமெரிக்காவில் வாகனக் காப்பீட்டாளர்கள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2023-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. பானட்டின் முன்விளிம்பு 40 அங்குலத்துக்கு மேல், அதாவது ஏறக்குறைய ஒரு மீட்டருக்கு மேல் இருக்கும் வண்டி பாதசாரிமீது மோதினால், தாழ்ந்து சரிந்த முன்பக்கம் உள்ள வண்டியைவிட உயிரிழப்புக்கான வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம் என்கிறது அது. காரணம் எளிது. தாழ்ந்த கார் காலில் இடிக்கும். உயர்ந்த வண்டி இடுப்பிலும் மார்பிலும் இடிக்கும். குழந்தையென்றால் தலை. வண்டி நிற்கும்போதுகூட முன்பக்கத்தை ஒட்டி விளையாடும் குழந்தை ஓட்டுநர் கண்ணுக்குப் படாது. கேமரா இருக்கிறது, உண்மைதான். அதைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை நகர்த்த வேண்டும் என்ற பழக்கம் நமக்கு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

திண்டிவனம் சாலையில் நாளும் பார்க்கிறோம். சாலையின் குறுக்கே பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளைகள். சென்டர் மீடியன் இடைவெளியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நிற்கும் பெரியவர். எதிர்த்திசையில் வரும் பைக். பின்விளக்கு இல்லாமல் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர். அவர்கள், வருகிற வண்டியின் சத்தத்தை வைத்துத்தான் தூரத்தைக் கணக்கிடுகிறார்கள். பழைய லாரி வந்தால் தூரத்திலேயே கேட்டுவிடும், ஒதுங்கிக்கொள்வார்கள். சத்தமில்லாமல் பாயும் வண்டி அவர்கள் கணக்கில் வராது. உள்ளே இருப்பவருக்கும் வேகம் தெரியவில்லை, வெளியே இருப்பவருக்கும் தெரியவில்லை என்றால் யார்தான் சொல்வது?

அரசு ஒரு ஏற்பாடு செய்திருக்கிறது. 2019 ஜூலையிலிருந்து நம் நாட்டில் விற்கும் கார்கள் எல்லாம் 80-ஐத் தாண்டினால் விட்டுவிட்டு மணி அடிக்கும். 120-ஐத் தாண்டினால் ஓயாமல் அடிக்கும். இந்தச் சத்தத்தைத் தொல்லை என்று நினைத்து, காசு கொடுத்து அணைத்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். வண்டி மறைத்ததைத் திருப்பிச் சொல்லும் ஒரே குரல் அதுதான் என்பேன். அதை அணைக்காதீர்கள்.

வசதியான வண்டி வாங்குவது குற்றமில்லை. நல்ல பொறியியலை ரசிப்பதும் நியாயம்தான், நானும் ரசிக்கிறேன். இப்படிப்பட்ட வண்டிகள் பலவற்றில் ஸ்டியரிங்கிலேயே ஸ்பீடு லிமிட்டர் பொத்தான் இருக்கிறது. ஊர்ப் பெயர்ப்பலகை வந்ததும் அதை அழுத்தி 40 என்று வைத்துவிடுங்கள். காலை முழுக்க அழுத்தாதவரை அதற்குமேல் வண்டி போகாது. பின்னால் வருபவர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். நெடுஞ்சாலையில் வேகம் எவ்வளவு என்பதை மனதைக் கேட்காதீர்கள், மீட்டரைக் கேளுங்கள். வீட்டு வாசலிலிருந்து எடுக்கும்போது ஒருமுறை இறங்கி முன்பக்கம் பார்த்துவிட்டு ஏறுங்கள். பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: பெரிய வண்டி நின்றிருந்தால் அதன் முன்னால் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள்.

286 குதிரைத்திறனை யாரும் விலைகொடுத்து வாங்கிவிடலாம். அதில் எத்தனையை எந்தத் தெருவில் அவிழ்த்துவிடுவது என்று தெரிந்தவர்தான் நல்ல ஓட்டுநர். அந்தப் பக்குவத்தை எந்தத் தொழிற்சாலையும் பூட்டித் தராது, நாம்தான் கொண்டுபோக வேண்டும்.