கடலும் துறைமுகமும்: அன்றும் இன்றும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

யானைக் கூட்டம் எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது என்று விசாரிக்கும் சானமாவில் நின்றுகொண்டு கடலைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் ஓசூர்த் தொழிற்சாலைகளின் பொருள்களும், கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கருங்கற்களும் சென்னைக் கரையில்தான் கப்பலேறுகின்றன. நம் பிள்ளைகள் பலரின் ஊதியத்திற்கும் அக்கரைக்கும் தொடர்புண்டு.

துறைமுகம் ஓரிடத்தில் நிலைத்திருப்பது என்று எண்ணுகிறோம். தாமிரபரணிக் கரை வேறு விதமாகச் சொல்கிறது. பாண்டியரின் முத்துத் துறையாகிய கொற்கை, ஆறு கொணர்ந்த வண்டலால் இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. அதன்பின் தழைத்தது காயல். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு எழுதிய துறை அது. அரபு நாட்டுக் குதிரைகள் அங்கு வந்திறங்கின. அத்துறையும் தூர்ந்து, வாணிபம் தூத்துக்குடிக்குப் பெயர்ந்தது.

தூத்துக்குடியிலும் கடல் ஆழமில்லாதது. பெருங்கப்பல்கள் கரையிலிருந்து பல மைல் தள்ளி நங்கூரமிட, தோணிகளே சரக்கைக் கொண்டுபோய் ஏற்றின. வ.உ.சிதம்பரனார் 1906-இல் சுதேசிக் கப்பல் நிறுவனம் தொடங்கியதும் அத்துறையில்தான். ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளமுள்ள இரு அலைதடுப்புச் சுவர்களுடன் 1974-இல் புதிய துறைமுகம் வந்ததும் கப்பல்கள் நேராக மேடைக்கு வந்தன. பாய்மரத் தோணிகளுக்குப் பின்னாளில் எந்திரம் பொருத்தினர். காற்றின் போக்கறிந்து பாய் விரித்த தலைமுறையின் அறிவைப் பள்ளிப் பாடத்தில் எவரும் சேர்க்கவில்லை என்பது நம் வருத்தம்.

நாகப்பட்டினத்துக் கதை வேறு. அங்கு மண் தூர்ந்ததைவிட, ஆள் ஏற்றும் கப்பல் நின்றதே பெரிய மாற்றம். பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற ‘ரஜூலா’ 1970-களில் ஓய்ந்தது. ‘எம்.வி. சிதம்பரம்’ 1985-இல் தீப்பற்றியது. அதன்பின் சபுராளிகள் விமானமேறினர்.

சென்னைக்கு வருவோம். அங்கு இயற்கைத் துறைமுகமே இல்லை. கப்பல் கடலில் நிற்க, மசூலாப் படகுகள் பயணிகளை அலை கடத்திக் கரை சேர்த்தன. ஆணியடிக்காமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்த படகுகள் அவை. அலை மோதினால் வளையும், உடையா. 1875-இல் துறைமுகத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1881-ஆம் ஆண்டுப் புயல் சுவர்களை உடைத்தெறிந்தது, மீண்டும் கட்டினர்.

அச்சுவர்கள் கப்பலுக்கு அமைதி தந்தன. மணலின் வழியையோ மறித்தன. இக்கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. மறிக்கப்பட்ட மணல் தெற்கே குவிந்தது. நாம் குடும்பத்துடன் சென்று சுண்டல் வாங்கித் தின்னும் மெரினாவின் அகலம் அவ்வாறு வந்தது. வடக்கே இராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் மணல் வரவின்றிக் கடல் நிலத்தை அரித்தது. வீடுகளும் தெருக்களும் போயின. அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டினர். கல் கொட்டிய இடத்திற்கு வடக்கே அரிப்பு தொடர்ந்தது.

1983-இல் சென்னையில் கன்டெய்னர் முனையம் வந்தது. 2001-இல் எண்ணூர்த் துறைமுகமும், 2013-இல் காட்டுப்பள்ளியும் இயங்கத் தொடங்கின. நகரத்தார் தூசியைப் பொறுக்க மாட்டாமல் வழக்காட, நீதிமன்ற ஆணையின்படி 2011-இல் நிலக்கரி எண்ணூருக்கு மாறியது. எண்ணூர்க்காரர்களுக்கும் மூச்சு உண்டு என்பதை எத்தனை பேர் நினைத்தனர்?

காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கும் திட்டத்தைப் பழவேற்காட்டு மீனவர்கள் எதிர்த்து வந்திருக்கின்றனர். தொழில் வளர்ச்சிக்கு எதிரானவர்கள் என்று அவர்களை ஏசுவோர் நம்மிடையேயும் உண்டு. நம் லாரிகள் விரைந்து திரும்ப வேண்டும் என்பது நம் தேவை, அது நியாயமே. அவர்கள் கேட்பதோ, மீன்பிடித்துத் திரும்பும்போது படகை இழுத்தேற்றக் கொஞ்சம் மணல்.