அடிபட்ட மனத்துக்கு முதலுதவி
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



காலில் வெட்டுப்பட்டால் உடனே துணி கட்டுகிறோம். மனத்தில் அடிபட்டவருக்கு என்ன செய்கிறோம்? சாலை விபத்தோ, தீயோ, வெள்ளமோ கண்ட வீட்டுக்குப் போய், "எப்படி ஆச்சு? சொல்லு, சொல்லு" என்கிறோம். பத்துப் பேர் வந்தால் பத்துத் தடவை அந்தத் தாய் அதையே சொல்ல வேண்டும். போதாக்குறைக்குக் கைப்பேசியில் படம் வேறு பிடிக்கிறார்கள்!

நடந்ததை உடனே விவரமாகச் சொல்லவைத்தால் பாரம் குறையும் என்று ஒரு காலத்தில் படித்தவர்களும் நம்பினார்கள். அதில் பலன் இல்லை, சிலருக்குக் கெடுதலும் உண்டு என்று பிறகு தெரிந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட கையேடு மூன்று வேலைதான் சொல்கிறது: பார், கேள், சேர்த்துவிடு.

பார் என்றால், இடம் ஆபத்தில்லாததா, யாருக்குக் காயம், யார் பேச்சற்று உட்கார்ந்திருக்கிறார் என்று கவனிப்பது. கேள் என்றால் குடைந்து கேட்பதல்ல, செவிகொடுப்பது. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லாய்ப் போனதுதான் வம்பு! பக்கத்தில் உட்காருங்கள். குடிக்க ஏதாவது கொடுங்கள். அவராகப் பேசினால் கேளுங்கள். இல்லாவிட்டால் சும்மா இருங்கள். "அழாதே", "எல்லாம் விதி", "உயிராவது தப்பிச்சுதே" என்பதெல்லாம் வேண்டாம். பிறகு உறவுக்காரரிடமோ, மருத்துவமனையிலோ, உதவி கிடைக்கும் இடத்திலோ சேர்த்துவிடுங்கள். துக்க வீட்டுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து சோறு போகும் நம் லயத்து வழக்கம் இருக்கிறதே, அது இந்தக் கையேட்டுக்கும் முந்தியது.

பிள்ளைகளை இன்னும் கவனிக்க வேண்டும். 2004 டிசம்பர் 26-இல் பினாங்கிலும் கெடாவிலும் கடல் பொங்கி வந்ததே, அப்படி ஒரு நாளைக் கண்ட பிள்ளை படுக்கையை நனைக்கலாம்; அம்மாவை விடாமல் பிடித்துக்கொள்ளலாம்; கண்டதையே திரும்பத் திரும்ப விளையாடலாம். அடிக்காதீர்கள். அப்பா இறந்திருந்தால், "வெளியூர் போயிருக்கார்" என்று மறைக்காதீர்கள். வேளைக்குச் சாப்பாடு, தூக்கம், முடிந்தவுடன் பள்ளிக்கூடம் என்று பழைய ஒழுங்குக்குக் கொண்டுவாருங்கள்.

மாணவர்களே, அந்த நண்பன் வகுப்புக்குத் திரும்பினால் சுற்றி நின்று விசாரிக்காதீர்கள். பந்தாடக் கூப்பிடுங்கள்.

பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுவார்கள். ஒரு மாதமாகியும் தூக்கமில்லை, வேலைக்குப் போக முடியவில்லை என்றால் கிளினிக்குக்கு அழைத்துப்போங்கள். "செத்துப்போயிடலாம்" என்ற பேச்சு வந்தால் ஒரு நாளும் காத்திராதீர்கள். தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். மனம்விட்டுப் பேச, சுகாதார அமைச்சு 2022-இல் தொடங்கிய ஹீல் தொலைபேசிச் சேவையும் உண்டு. எண் 15555. வீட்டுக்குப் போனதும் நாள்காட்டி ஓரத்தில் எழுதிவையுங்கள்.