நம் ஊர் வழியே செல்லும் இசை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



திருவனந்தபுரத்து இசையரங்குகளைப் பற்றிச் சில சொல்லுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்துள்ளனர். குளத்தூரிலும் பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழும் நாம், வேலையை நாடியும், மருத்துவத்தை நாடியும், வழக்கு மன்றத்தை நாடியும் அந்நகருக்குச் செல்கிறோம். போன காரியம் முடிந்தால் பேருந்தையோ புகைவண்டியையோ பிடித்து மாலைக்குள் திரும்பிவிடுகிறோம். அங்குள்ள கச்சேரிகள் நகரத்தாருக்கே உரியவை, நமக்கு அங்கே என்ன வேலை என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அவ்வெண்ணத்தை இன்று சற்றே ஆராய்ந்து பார்ப்போம்.

அந்நகரின் இசைவிழாக்களுள் தலையாயது நவராத்திரி மண்டபத்து இசைவிழா. அவ்விழாவுக்கு உரிய சரசுவதி அம்மன் திருவுருவம் பத்மநாபபுரம் அரண்மனையின் தேவாரக்கட்டிலிருந்து ஆண்டுதோறும் யானைமீது புறப்படுகிறது. அது கம்பர் வழிபட்ட திருவுருவம் என்பது வழிவழியாக வந்த செய்தி. வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் உடன் எழுந்தருளுகின்றனர். முதல் இரவு குழித்துறையில் தங்கல்; மறுநாள் களியக்காவிளையைக் கடந்து, பாறசாலை வழியாக வந்து, இரவு நெய்யாற்றின்கரையில் தங்கல்; மூன்றாம் நாள் நகரப் பிரவேசம். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் மாநில எல்லை வகுக்கப்பட்டது. அதற்குப் பின்னும் அப்பயணம் நிற்கவில்லை. இரு மாநிலக் காவலரும் எல்லையிலே மரியாதை செய்கின்றனர். ஆகவே, தலைநகரின் மிகப் பெரிய இசைவிழா நம் வாயிலைக் கடந்தே அங்குச் செல்கிறது என்பதை மறத்தலாகாது.

மண்டபத்திலே ஒன்பது மாலைகளிலும் சுவாதித் திருநாள் மகாராசர் (1813–1846) இயற்றிய ஒன்பது கீர்த்தனைகள், நாளுக்கு ஒன்றாக முதன்மை பெறும். சங்கராபரணத்தில் தொடங்கி, கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்தசாவேரி, நாட்டைக்குறிஞ்சி என வளர்ந்து, ஆரபியில் நிறைவுறும். அங்கே கைதட்டும் வழக்கம் இல்லை. பாட்டு பூசையாகவே கொள்ளப்படுகிறது. ஆடவர் மேலாடையின்றி வேட்டியுடுத்தி அமர்ந்து கேட்பர்.

இனி நம் தாய்மார்கள் செவிசாய்த்துக் கேட்க வேண்டிய ஒரு செய்தி. நம் பாறசாலையில் 1924-ஆம் ஆண்டில் பிறந்தவர் பாறசாலை பொன்னம்மாள். 1939-இல் திருவனந்தபுரத்தில் இசைக்கல்லூரி தொடங்கப்பட்டபோது, ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் அதன் முதல் தலைவராக விளங்கினார். அக்கல்லூரியில் சேர்ந்த முதல் மாணவி பொன்னம்மாள். பின்னர் அங்கேயே முதல் பெண் ஆசிரியராகவும் அமர்ந்தார். திருப்பூணித்துறை இசைக்கல்லூரிக்கு முதல் பெண் முதல்வராகவும் உயர்ந்தார். இத்துணைச் சிறப்பிருந்தும் நவராத்திரி மண்டபத்திலே பாட அவருக்கு இடமில்லை; பெண்கள் அங்குப் பாடும் வழக்கம் இருக்கவில்லை. 2006-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், தம் 81-ஆம் வயதில், அவர் அங்கே அமர்ந்து பாடினார். நெடுங்காலத் தடை அன்று நீங்கிற்று. 2017-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்; 2021-இல் மறைந்தார். ஒரே நகரில் கற்றுக் கற்பித்த ஒருவர், அந்நகரின் தலையாய மேடையை அடைய எத்தனை ஆண்டு காத்திருக்க நேர்ந்தது! மேடையின் தடை நீங்கிவிட்டது. இருட்டிவிடும் என்று சொல்லிப் பெண்மக்களை வீட்டிலே நிறுத்தும் நம் தடை நீங்கிவிட்டதா என்பதை ஒவ்வொரு வீட்டாரும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நெய்யாற்றின்கரை தந்த மற்றொரு செல்வம் வாசுதேவன் (1940–2008). செம்மங்குடி சீனிவாச ஐயரிடமும் இராமநாதபுரம் கிருஷ்ணனிடமும் பயின்று, 2004-இல் பத்மஸ்ரீ பெற்ற பாடகர் அவர். தம் ஊர்ப் பெயரைத் தம் பெயரோடு சேர்த்தே நாடெங்கும் கொண்டு சென்றார்.

தமிழ்ப் பாட்டுக்கு அந்நகரில் இடம் உண்டா எனக் கேட்பீராயின், கரமனையைச் சுட்டுவோம். குமரி நாட்டிலே பிறந்த நீலகண்ட சிவன் (1839–1900) அங்கு வாழ்ந்து எண்ணற்ற தமிழ்க் கீர்த்தனைகளை இயற்றினார். இளமையைத் திருவனந்தபுரத்திலே கழித்த பாபநாசம் சிவன், அப்பாடல்களில் நெஞ்சம் தோய்ந்தே பின்னாளில் தமிழிசைக்குப் பெருந்தொண்டாற்றினார்.

இளைஞர்களுக்கு இவற்றினும் கிட்டாரும் டிரம்ஸும் முழங்கும் மேடைகளே இனிக்கின்றன. ஓட்டல் அரங்குகளிலும், கனகக்குன்றின் நிசாகந்தி திறந்தவெளி அரங்கிலும், ஓணக்கால மேடைகளிலும் அவ்விசை ஒலிக்கிறது. பெரியோர் அதைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டுவதில்லை. 2003-இல் அந்நகரில் தோன்றிய 'அவியல்' என்னும் குழுவினர், மேல்நாட்டு ராக் இசையிலே தாய்மொழியாகிய மலையாளத்தைப் பாடிப் புகழ் பெற்றனர். கருவி எதுவாயினும் தாய்மொழி அதில் ஏறும் என்பதற்கு அது சான்று. நம் பிள்ளைகளும் தமிழை அவ்வாறு ஏற்றலாம். அதற்கு முதலில் தமிழ் தெரிந்திருத்தல் வேண்டும்.

இங்கேதான் நம் கவலை பிறக்கிறது. இசை பயிலும் நம் பிள்ளைகள் பலர் தமிழ்ப் பாட்டை மலையாள எழுத்திலே எழுதிவைத்துப் பாடுகின்றனர். ஆசிரியர் சொன்ன பாட்டை அவர்கள் பிழையின்றிப் பாடிவிடுவர். அடுத்த பாட்டைப் புத்தகத்திலிருந்து தாமே எடுத்துப் படிக்க இயலாது. ஆசிரியர் கைவிட்ட இடத்தில் தமிழ்ப் பாட்டும் நின்றுவிடும்.

ஆதலின் சங்கத்தின்முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறோம். வரும் நவராத்திரியில் ஒரு மாலையேனும் பேருந்து ஒன்றை அமர்த்தி, தாய்மாரையும் பெண்மக்களையும் முன்னிறுத்தி, குடும்பங்களை மண்டபத்துக்கு அழைத்துச் செல்க. பாறசாலையிலிருந்து நகரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். பலர் கூடிச் சென்றால் இரவுப் பயணத்துக்கு அச்சமில்லை. மற்றொன்று, ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தும் பாட்டின் பொருளும் கற்பிக்கப்படுக. கற்பிக்க வல்லோர் இவ்வவையிலேயே இருக்கின்றனர். எம்மால் இயன்ற பணியை யாமும் செய்வோம்.

வாழ்க தமிழ், வளர்க இசை.