பிடிபட்டவரின் பெயர் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

(மீள்குடியேறும் குடும்பங்களுக்கான சட்ட விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காணி உறுதி, வீட்டுத்திட்டம், கிணறு துப்புரவாக்கல் பற்றி இந்தக் கைநூலின் மற்றப் பகுதிகளில் படிப்பீர்கள். நான் சொல்ல வந்த விடயம் ஒருவருக்கும் தேவைப்படக்கூடாது என்றே விரும்புகிறேன். ஆனால் தேவைப்படும் நாளில் முதல் சில மணித்தியாலங்கள்தான் முக்கியம். உங்கள் வீட்டில் ஒருவரைக் கைது செய்து கொண்டுபோனால் அவர் எங்கே இருக்கிறார், என்ன குற்றச்சாட்டு, எந்த நீதிமன்றம் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

நம் நாட்டில் கைது செய்யப்பட்ட எல்லோருடைய பெயரையும் பொதுமக்கள் தேடிப் பார்க்கக்கூடிய ஒரே பட்டியல் இல்லை. ஆனால் சட்டப்படி கைதான ஒருவருடைய பெயர் பல இடங்களில் எழுதப்படுகிறது: பொலிஸ் நிலையத்துப் புத்தகத்தில், நீதவான் நீதிமன்றக் கோவையில், சிறைச்சாலைப் பதிவேட்டில். சில கைதுகளில் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடமும் விபரம் இருக்கும். ஒரு படியில் கிடைக்கும் இலக்கம் அடுத்த படியின் கதவைத் திறக்கும். ஆகவே ஒழுங்காகப் போக வேண்டும்.

முதலில், வீட்டு வாசலில். கைது செய்பவர் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்று அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை சொல்கிறது. எந்த நிலையத்திலிருந்து வந்திருக்கிறீர்கள், எங்கே கொண்டுபோகிறீர்கள், உங்கள் பெயர் என்ன என்று மரியாதையாகக் கேளுங்கள். பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் திகதி, நேரம், வாகன இலக்கம், வந்தவர்களின் தொகை, சீருடையா சிவில் உடையா, பக்கத்தில் நின்றவர்கள் யார் என்பதை உடனே ஒரு கொப்பியில் எழுதுங்கள். நாளைக்கு எழுதலாம் என்று விட்டால் நேரமும் இலக்கமும் மறந்துபோகும். பிறகு நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு முறைப்பாட்டுக்கும் இந்தக் கொப்பிதான் அடித்தளம்.

இரண்டாவது, பொலிஸ் நிலையம். உங்கள் பகுதி நிலையத்துக்குப் போய்ப் பொறுப்பதிகாரியைக் கேளுங்கள். வீட்டுக்காரருடன் கிராம அலுவலரோ ஊரில் மதிப்புள்ள ஒருவரோ போவது நல்லது. பொலிஸ் நிலையங்களில் ஆட்களுக்காகச் சட்டத்தரணிகள் முன்னிலையாவதற்கு 2012ஆம் ஆண்டிலிருந்தே விதிகள் இருக்கின்றன. ஆகவே சட்டத்தரணி கூட வருவதில் தவறொன்றும் இல்லை. "அப்படி ஒருவரும் இங்கே இல்லை" என்று சொன்னால் பேசாமல் திரும்பி வந்துவிட வேண்டாம். ஆளைக் காணவில்லை என்று முறைப்பாடு பதியச் சொல்லுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் கேட்டு வாங்குங்கள். தமிழும் அரசகரும மொழி. உங்கள் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படி கேட்கலாம். வாசித்து விளங்காத தாளில் கையெழுத்து வைக்க வேண்டாம்.

மூன்றாவது, நீதவான் நீதிமன்றம். சாதாரண சட்டத்தின்படி பிடியாணை இல்லாமல் கைதான ஒருவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுவர வேண்டும். ஆகவே மறுநாள் காலை அந்தப் பொலிஸ் பிரிவுக்குரிய நீதவான் நீதிமன்றத்துக்குப் போங்கள். பதிவாளர் அலுவலகத்தில் ஆளின் பெயர், பொலிஸ் நிலையம், கைதான திகதி மூன்றையும் சொல்லி, வழக்கு இலக்கத்தைக் கேளுங்கள். குற்றப்பத்திரம் வருமுன் பொலிசார் கொடுக்கும் அறிக்கையைச் சட்டத்தரணிகள் 'பீ அறிக்கை' என்பார்கள். அந்த இலக்கம் கிடைத்துவிட்டால் அடுத்த தவணை எப்போது, பிணையா விளக்கமறியலா, எந்தச் சிறைச்சாலை என்பதெல்லாம் அதே கோவையிலிருந்து தெரியவரும். விளக்கமறியலில் இருப்பவரின் வழக்கு வழக்கமாக 14 நாட்களுக்கு ஒருமுறை கூப்பிடப்படும். அந்தத் திகதிகளைத் தவறவிடாதீர்கள்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லை என்று வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம். சட்ட உதவி ஆணைக்குழு 1978ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. அதன் நிலையங்கள் பல நீதிமன்றக் கட்டிடங்களிலேயே இருக்கின்றன. வருமானம் குறைந்தவர்கள் அங்கே உதவி கேட்கலாம்.

நான்காவது, சிறைச்சாலை. யாழ்ப்பாணம், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு ஆகிய இடங்களில் சிறைச்சாலைகள் உண்டு. அநுராதபுரத்துக்கோ கொழும்புக்கோ மாற்றப்படுவதும் உண்டு. வாசலில் உங்கள் அடையாள அட்டையைக் காட்டி, நலன்புரி உத்தியோகத்தரைக் கேளுங்கள். இங்கே ஒரு சிக்கல் வரும். எங்கள் பெயர்களைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ காதில் கேட்டபடி எழுதுவார்கள். தகப்பனின் பெயர் முன்னுக்கு வரும், சில வேளை பின்னுக்குப் போகும். பெயரை மட்டும் சொன்னால் "இல்லை" என்று பதில் வரலாம், ஆள் உள்ளேயே இருப்பார். அதனால் தேசிய அடையாள அட்டை இலக்கத்தைச் சொல்லித் தேடச் சொல்லுங்கள். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், புதிய அட்டையில் 12 இலக்கமும் இருக்கும். இரண்டையும் எழுதிக் கொண்டு போங்கள். இடம்பெயர்ந்தபோது எடுத்த அட்டையில் பழைய முகவரி இருந்தால் அந்த முகவரியையும் சொல்லுங்கள். நீதிமன்ற வழக்கு இலக்கம் கையில் இருந்தால் தேடுவது இன்னும் இலகு.

ஐந்தாவது, பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது என்றால் வழி கொஞ்சம் வேறு. அங்கே 24 மணித்தியாலக் கணக்குப் பொருந்தாது. 72 மணித்தியாலத்துக்குள் நீதவானிடம் கொண்டுபோக வேண்டும், அல்லது தடுப்புக் காவல் உத்தரவு எடுக்க வேண்டும். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அந்த உத்தரவு ஒரு தடவைக்கு மூன்று மாதம், மொத்தம் 12 மாதத்துக்கு மேற்படக்கூடாது. தடுத்து வைத்திருக்கும் இடத்துக்கு நீதவான் மாதம் ஒரு தடவையாவது போய்ப் பார்க்கவும் வேண்டும்.

இந்தக் கைதுகளில் உங்களுக்கு மிகவும் உதவுவது மனித உரிமைகள் ஆணைக்குழு. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி, கைது செய்தவர் 48 மணித்தியாலத்துக்குள் கைதையும் தடுத்து வைத்திருக்கும் இடத்தையும் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும். வேண்டுமென்றே அறிவிக்காமல் விடுவது குற்றம். ஆணைக்குழு அனுப்பும் உத்தியோகத்தர் பொலிஸ் நிலையத்துக்குள்ளும் சிறைச்சாலைக்குள்ளும் போய்ப் பார்க்கலாம். யாழ்ப்பாணம், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, கல்முனை ஆகிய இடங்களில் பிராந்திய அலுவலகங்கள் உண்டு. அவசரத்துக்கு 1996 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போடுவதற்கு ஒரு மாதம்தான் தவணை. அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், விசாரணை நடக்கும் காலம் அந்தத் தவணையில் சேராது. எனவே தாமதிக்காதீர்கள்.

2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், வலிந்து காணாமலாக்கப்படுவதற்கு எதிரான சட்டம், இன்னொரு பலம். இரகசியமாக ஒருவரையும் தடுத்து வைக்கக்கூடாது, காவலில் உள்ளவர்களின் விபரங்களைப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும், அந்த விபரத்தை உறவினரும் சட்டத்தரணியும் கேட்டுப் பெறலாம் என்று அது சொல்கிறது.

வாயால் கேட்டுப் பதில் வராவிட்டால் எழுத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒவ்வோர் அரச அலுவலகத்திலும் ஒரு தகவல் அலுவலர் இருக்க வேண்டும். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் அவர் எழுதி உதவ வேண்டும். பொதுவான விண்ணப்பத்துக்கு 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்வார்கள். ஆனால் ஒருவரின் உயிருடனும் தனிமனித சுதந்திரத்துடனும் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணித்தியாலத்துக்குள் பதில் தர வேண்டும். அந்த வசனத்தை விண்ணப்பத்தின் தலைப்பிலேயே எழுதுங்கள். கிடைத்ததற்கான பற்றுச்சீட்டை வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அதை வைத்து மேன்முறையீடு செய்யலாம். இந்த உரிமை பிரசைகளுக்குரியது. இந்தியாவிலிருந்து திரும்பிப் பிரசாவுரிமைப் பத்திரம் இன்னும் கைக்கு வராதவர்கள், பிரசையான ஓர் உறவினரைக் கொண்டு விண்ணப்பிக்கலாம்.

எல்லா இடத்திலும் இல்லை என்று சொன்னால், ஆட்கொணர்வு மனு இருக்கிறது. மேன்முறையீட்டு நீதிமன்றத்திலும் மாகாண மேல் நீதிமன்றத்திலும் அதைத் தாக்கல் செய்யலாம். "ஆளைக் கொண்டுவந்து காட்டு" என்று நீதிமன்றம் கேட்கும் வழி அது. அன்று உங்கள் கொப்பியும் முறைப்பாட்டு இலக்கமும்தான் சாட்சி.

இங்கே இருப்பவர்களில் சிலர் நேற்றுப் பிடிபட்டவரைத் தேடவில்லை, பல வருடமாகத் தேடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். பழைய கைதானாலும் நீதிமன்றக் கோவையையும் சிறைப் பதிவையும் கேட்டுப் பாருங்கள். சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தினர் பல வருடங்களாகக் காவலில் உள்ளவர்களைச் சந்தித்து வருகிறார்கள். அவர்களிடமும் விசாரியுங்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான காணாமல் போனோர் அலுவலகத்தில் விபரத்தைப் பதியலாம். பதிவதனால் ஆள் இறந்துவிட்டார் என்று நீங்கள் ஒப்புக்கொண்டதாக ஆகாது. காணக்கிடைக்காமைச் சான்றிதழும் அப்படித்தான். அது மரணச் சான்றிதழ் அல்ல. அதை வைத்து வீட்டு அலுவல்களைப் பார்க்கலாம், தேடுதலையும் தொடரலாம்.

ஓர் எச்சரிக்கை. "எனக்கு உள்ளே ஆளைத் தெரியும், இவ்வளவு தந்தால் இருக்கிற இடத்தைக் காட்டுகிறேன்" என்று வருபவரிடம் காசு கொடுக்க வேண்டாம். நகையை அடகு வைத்துக் கொடுத்துவிட்டு ஒரு செய்தியும் கிடைக்காத தாய்மார் இருக்கிறார்கள். நான் மேலே சொன்ன எந்த அலுவலகத்திலும் ஒருவரின் இருப்பிடத்தைச் சொல்ல இலஞ்சம் தேவையில்லை.

விடுதலையாகி வந்தவர்களுக்கும் ஒரு சொல். நீதிமன்ற விடுதலைக் கட்டளை, புனர்வாழ்வுச் சான்றிதழ் போன்றவற்றைப் போட்டோக்கொப்பி எடுத்து, ஒன்றை உறவினர் வீட்டில் வையுங்கள். பிணையில் இருந்தபோது இடம்பெயர்ந்து, தவணைக்குப் போகாமல் விட்டவர்கள், அந்த வழக்கில் பிடியாணை இருக்கிறதா என்று சட்டத்தரணி மூலம் நீதிமன்றத்தில் பாருங்கள். வீதிச் சோதனையில் பிடிபட முன், சட்டத்தரணியுடன் நீங்களாகவே நீதிமன்றம் போவது நல்லது.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி, உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையம், நீதவான் நீதிமன்றம், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் இலக்கம் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, சாமிப் படத்துக்குப் பின்னாலோ பெட்டிக்குள்ளோ வையுங்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அந்த இடத்தைக் காட்டி வையுங்கள்.