கரப்பானும் கைக்குழந்தையின் தோலும்

கைக்குழந்தையின் கன்னத்தில் செந்தடிப்பாகத் தோன்றி, வளர வளர முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்புறத்திலும் சொரசொரப்பாகப் படர்ந்து, இரவில் உறங்கவிடாமல் அரிக்கும் தோல் அழற்சியைப் பேச்சுவழக்கு கரப்பான் என்றும், நவீன மருத்துவம் எக்ஸிமா என்றும் வழங்குகின்றன. இது தொற்றுநோயன்று. தோலின் மேலடுக்கை இறுக்கிப் பிணைக்கும் ஃபிலாக்ரின் என்னும் புரதம் மரபணுக் குறையால் போதிய அளவு உருவாகாத குழந்தைகளுக்கு இது வரும் வாய்ப்பு மிகுதி என்பது 2006-இல் கண்டறியப்பட்டது. அந்த அடுக்கு தளரும்போது உள்ளிருக்கும் ஈரம் வெளியேறுவதும், சோப்பும் தூசியும் உள்ளே நுழைந்து எரிச்சலூட்டுவதும் ஒருசேர நிகழ்கின்றன.

ஆகவே அரிப்பைத் தணிப்பதென்பது பெரும்பாலும் ஈரத்தைக் காப்பதே. வெதுவெதுப்பான நீரில் 5 முதல் 10 நிமிடங்களுக்குள் குளிப்பாட்டி, துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, மேனியின் ஈரம் காயுமுன்னரே பெட்ரோலியம் ஜெல்லி போன்ற நறுமணம் சேராத களிம்பைத் தாராளமாகப் பூசுவதும், பருத்தி உடை அணிவித்து நகங்களை ஒட்ட வெட்டுவதும் இதற்கான வழிகள். பயத்தமாவை அழுத்தித் தேய்க்கும் வழக்கம், நலமான தோலுக்கு எப்படியோ, கரப்பான் கண்ட தோலுக்கு உகந்ததன்று. மருத்துவர் அளவிட்டுத் தரும் ஸ்டீராய்டு களிம்பை, பெயரைக் கேட்டே அஞ்சிப் பாதியில் நிறுத்துவதும் நோயை நீட்டிக்கவே செய்யும்.

புண்ணில் மஞ்சள் நிறப் பொருக்கோ, நீர்க்கொப்புளமோ, உடன் காய்ச்சலோ காணப்பட்டால், குழந்தையை அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.