கோடைச் செலவு

(பட்டுக்கோட்டையில் கூடிய நமது சங்க ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

    

கோடை விடுமுறையும் பிள்ளைகளும் என்னும் பொருள்பற்றிச் சில கூறுமாறு நம் காரியதரிசியவர்கள் பணித்தார்கள். யான் அதற்குக் 'கோடைச் செலவு' என்று பெயரிட்டுக் கொடுத்தேன். பெயரைக் கேட்டவுடன் நம் பொக்கிஷதார் அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்ததைக் கண்டேன். அவர்கள் அஞ்ச வேண்டுவதில்லை. செலவு என்னும் சொல்லுக்குப் பழம்பொருள் செல்லுதல், அஃதாவது பயணம் என்பதே. பொருள் தேடப் புறப்பட்ட தலைவன், தலைவியின் வாடிய முகங்கண்டு போகாது தங்கிவிடுதலை அகப்பொருள் நூலார் 'செலவழுங்கல்' என்பர். நம் வீடுகளிலும் சித்திரை பிறந்தவுடன் ஆண்டுதோறும் செலவழுங்கல் நிகழ்கின்றது. அதற்குக் காரணம் தலைவியின் முகமன்று, பணப்பையின் முகம்.

நிற்க. பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தத்தைத் தாங்கள் அறிவீர்கள். குழந்தை தலைதூக்கி அசைந்தால் செங்கீரை, கைகொட்டினால் சப்பாணி, தளர்நடையிட்டால் வாரானை, நிலவைக் கண்டால் அம்புலி. இவ்வாறு பத்துப் பருவம் வகுத்து, ஒவ்வொன்றையும் ஒரு திருநாளாக்கிப் பாடினர் நம் புலவர். பன்னிரண்டு வயதிற்குமேல் என்ன செய்தனர்? பெண்ணுக்கு மங்கை, மடந்தை என்று பெயர் வைத்தனர். 12, 13 வயதினள் மங்கை; 14 முதல் 19 வரை மடந்தை. அப்பருவத்தாரை நாம் மிகுதியாகக் காண்பது உலா நூல்களிலே. ஒருநாள் வீட்டில் இதனை விளக்கிக்கொண்டிருந்தபொழுது என் மகள் இடைமறித்து, "அப்பா, ஏழு பருவத்துப் பெண்களும் வாசலிலே நிற்கிறார்கள், உலாப் போகிறவர் அந்த ஒருவர்தானே?" என்றாள். இருபது ஆண்டுகளாக உலா நூல்களைப் பாடஞ்சொல்லி வருகிறேன். இவ்வினாவை எந்த மாணவரும் என்னிடம் கேட்டதில்லை.

இனி நம் இல்லங்களைப் பார்ப்போம். பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வரை நாம் கொண்டாடும் பருவங்கள் எவை? பெண் பூப்பெய்தினால் பந்தலும் சீரும் ஊர் முழுதும் அவள் படமெழுதிய பதாகையும். அதற்குப் பின்னர் அவள் வாசற்படியோடு நின்றுவிட வேண்டும். ஆண்மகன் பத்தாம் வகுப்பில் தேறினால் மோட்டார் சைக்கிள். இவ்விரண்டையும் பற்றி மனத்தில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், பெரியோர் பொறுத்தருள்க.

மோட்டார் சைக்கிளைப்பற்றி நீட்டிப் பேச வேண்டுவதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ம் ஆண்டு செய்த திருத்தத்தின்படி, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை வண்டியோட்டிக் குற்றம் நேர்ந்தால் தண்டனை பெற்றோர்க்கு அல்லது வண்டிக்கு உடையவர்க்கு. மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. சட்டம் கிடக்கட்டும். பள்ளியில் முதல் மணியடித்ததும் வருகைப் பதிவேட்டை விரிக்கின்றவன் யான். ஒரு பெயரைக் கூப்பிட்டுப் பதில் வாராதபோது உள்ளம் படும் பாடு எனக்குத் தெரியும்.

பெண்பிள்ளை செய்தியில் என் வீட்டு நிகழ்ச்சியையே கூறுகின்றேன். 2021-ம் ஆண்டு தொற்றுநோய்க் காலத்தில் என் மகள் பெரியவளானாள். ஊரடங்கு இருந்தபடியால் வீட்டளவில் தலைக்கு நீர்வார்த்து முடித்துக்கொண்டோம். நோய் தணிந்ததும் மண்டபம் பார்த்துச் சிறப்பாகச் செய்யவேண்டுமென்று சுற்றத்தார் வற்புறுத்தினர். என் இல்லாளும் யானும் இரண்டு இரவு கலந்து பேசி, அத்தொகையை அஞ்சலகத்தில் இட்டு, பிள்ளைகள் இருவரையும் கோடைதோறும் ஓரிடம் அழைத்துச் செல்வதென்று துணிந்தோம். என் அத்தையார் மூன்று திங்கள் எங்களோடு பேசவில்லை. பேசத் தொடங்கியபொழுது, "வயசுக்கு வந்த பிள்ளையை ஊர் ஊராக் கூட்டிக்கிட்டுத் திரிவியா தம்பி?" என்பதே முதற்சொல்.

எங்குச் செல்வது? உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் அன்பர்களை யான் குறைகூறேன். வெயிலுக்கு அஞ்சுதல் உயிர்க்கு இயல்பு. ஆயினும் நம் வயலுக்கு வரும் நீர் எங்கிருந்து வருகிறது, எங்குச் சென்று சேர்கிறது என்பதை முதலிற் காண்போம் என்று முடிவு செய்தோம்.

2022-ம் ஆண்டுக் கோடை அதற்கு வாய்ப்பாயிற்று. வழக்கமான ஜூன் 12-ம் தேதிக்கு முன்னதாக, மே 24-ம் தேதியே மேட்டூர் அணை திறக்கப்பட்டது. ஜூன் முதல் வாரத்தில் தஞ்சைக்குச் சென்று வெண்ணாற்றிலே புதுநீர் வருவதைப் பாலத்தின்மேல் நின்று பார்த்தோம். பின்னர்ப் பெரிய கோயில். முதலாம் இராசராசர் தம் 25-ம் ஆட்சியாண்டின் 275-ம் நாளில், அஃதாவது 1010-ம் ஆண்டில், விமானத்தின் உச்சிக்குப் பொற்குடம் ஈந்தார் என்று கல்லிலே பொறித்திருக்கிறது. தாம் கொடுத்தவற்றோடு தம் தமக்கையார் கொடுத்தவற்றையும் தம் தேவிமார் கொடுத்தவற்றையும் பிறர் கொடுத்தவற்றையும் வெட்டுக என்று அரசர் ஆணையிட்ட கல்வெட்டும் ஆங்குண்டு. அரசருக்கு அடுத்த இடம் தமக்கைக்கு என்று கூறியவுடன் என் மகள் தம்பியைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களையும் அவரவர்க்கு ஒதுக்கிய வீடுகளையும் வரிசையாக வெட்டிய சுவரருகே அவர்கள் இருவரும் எழுத்துக்கூட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றனர். உச்சிவெயிலிற் கல் சுட்டது, யானும் இல்லாளும் நிழல் தேடினோம், அவர்கள் வரவில்லை.

அடுத்த ஆண்டு, நீர் சென்று முடியும் கடலைக் காண மனோராவுக்குச் சென்றோம். மல்லிப்பட்டினத்தையடுத்துள்ள இக்கோபுரத்தைக் காணாத பட்டுக்கோட்டையார் இரார். கண்டும் அதன் வரலாறு அறியாதார் பலர். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றமைக்கு அடையாளமாகச் சரபோசி மன்னர் 1814-ம் ஆண்டையொட்டி எழுப்பிய, அறுகோண வடிவும் எட்டு நிலையும் உடைய கட்டடம் அது. இதே மன்னர் 1799-ம் ஆண்டிலேயே தம் நாட்டின் ஆட்சியை ஆங்கிலக் கம்பெனியாரிடம் ஒப்படைத்துவிட்டவர். "நாட்டை வாங்கிக்கொண்டவர்களின் வெற்றிக்கு இவர் கோபுரம் கட்டினாரா?" என்றான் என் மகன். அப்பொழுது அவனுக்குப் பதின்மூன்று வயது. அரசியல் நூல் கற்றோர் பலர் இவ்வினாவைக் கேட்டு ஓய்ந்திருக்கின்றனர். அக்கடலில் வாழும் ஆவுளியா என்னும் கடற்பசுவுக்காக 2022-ம் ஆண்டில் 448 சதுர கிலோமீட்டர்ப் பரப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டதையும், இந்தியாவில் இவ்வகையில் அதுவே முதலாவது என்பதையும் கரையிலே வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் என் மகளே கூறினாள். அவர் சிரித்து, சிறு வயதில் தாம் அதனைப் பார்த்த கதையைச் சொன்னார். அன்றைய பஸ் கட்டணம், உணவு, கணக்கு யாவும் அவள் கையிலே. முந்தின ஆண்டு என் விரலைப் பற்றிக்கொண்டு சாலையைக் கடந்தவள், இவ்வாண்டு யான் கேட்காமலே மீதிச் சில்லறையை எண்ணி என்னிடம் ஒப்புவித்தாள். பிள்ளைத்தமிழில் இதற்குப் பருவம் இல்லை. இருக்கவேண்டும் என்பது என் கருத்து.

ஈண்டு ஒன்று குறிக்க வேண்டும். நீர்நிலைக்குச் செல்லுமுன் இருவர்க்கும் என் மைத்துனர் தோட்டத்துப் பம்புசெட்டுக் கிணற்றில் நீச்சல் கற்பித்தோம், மகளுக்கும் சேர்த்தே. ஆண்டுதோறும் கோடையிலே கொள்ளிடத்திலும் காவிரியிலும் குளிக்கச் சென்ற இளைஞர் மணற்குழிகளில் மூழ்கி இறந்த செய்தியைப் படிக்கிறோம். மேலே அமைதியாகத் தோன்றும் நீரின் அடியில் மணல் அள்ளிய பள்ளம் இருப்பது நீந்த அறிந்தாருக்கும் தெரிவதில்லை. நீச்சல் கற்ற பிள்ளைக்கும் அறியாத ஆற்றில் இறங்காதே என்று சொல்லியே ஆகவேண்டும்.

மேட்டூர்ச் செலவே எங்கள் செலவுகளில் தலையாயது. 2024-ம் ஆண்டு மே மாதம். பட்டுக்கோட்டையிலிருந்து தஞ்சை, திருச்சி, சேலம் என்று எங்கே வண்டி மாறுவது, எங்கே தங்குவது என்பவை அனைத்தையும் பதினாறு வயது மகள் வகுத்தாள். அவ்வாண்டு மழை பொய்த்து அணையின் நீர் ஏறத்தாழ 50 அடிக்குத் தாழ்ந்திருந்தது. நிறைந்தால் 120 அடி, 93.47 டி.எம்.சி. கொள்ளும். 1925-ம் ஆண்டில் தொடங்கி 1934-ம் ஆண்டில் முடித்த அணை அது. நீர் வற்றினால் பண்ணவாடிப் பரிசல்துறையருகே சலகண்டேசுவரர் கோயில் நந்தியும் ஒரு கிறித்தவக் கோயிலின் கோபுரமும் வெளிப்படும். அணைக்காக நீரில் மூழ்கிய ஊர்களின் எச்சம் அவை. வெடித்த சேற்றின் நடுவே அந்நந்தியைக் கண்டோம்.

என் பாட்டனார் 1934-ம் ஆண்டில் பதினான்கு வயதுப் பிள்ளை. கல்லணையிலிருந்து புதிதாக வெட்டிய கால்வாயில், நாம் இன்றும் புது ஆறு என்று கூறும் அதில், முதல்நீர் வந்த காலத்தில் தாமும் தோழர்களும் கரையோரமாக நீரோடு ஓடிவந்ததை இறுதிநாள் வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஏறத்தாழ 148 கிலோமீட்டர் ஓடும் அக்கால்வாய் வருவதற்குமுன் நம் பக்கத்து நிலங்களிற் பெரும்பாலானவை வானம் பார்த்தவை. இக்கதையைப் பிள்ளைகள் பலமுறை கேட்டிருக்கின்றனர். நந்தியின் எதிரே நின்றபொழுது என் மகன், "பாட்டன் நீரோடு ஓடிவந்தபோது, இந்த ஊர்ப் பிள்ளைகள் மூட்டை தூக்கிக்கொண்டு போனார்களா?" என்றான். "ஆம்" என்றேன். அதன் பின்னர் விடுதி வந்து சேரும் வரை எவரும் பேசவில்லை.

அவ்வாண்டு ஜூன் 12-ல் அணை திறக்கப்படவில்லை. ஜூலை 28-ம் தேதிதான் திறந்தனர். குறுவை இழந்த வீடுகள் இச்சபையிலேயே பல உண்டு. ஜூலை 30-ல் அணை நிரம்பிற்று என்ற செய்தி வந்ததும் என் மகன், "நந்தி முழுகிவிட்டது" என்று மட்டும் கூறினான். நீர் வந்தது என்று நாம் மகிழ்ந்த நாளில் அவனுக்கு அந்த நினைவு.

2025-ம் ஆண்டில் மகன் பத்தாம் வகுப்பிலும் மகள் பன்னிரண்டாம் வகுப்பிலும் தேறினர். மாமன் வாக்களித்த மோட்டார் சைக்கிளைப் பதினெட்டு வயதுக்குமேல் வாங்கிக்கொள்ளலாம் என்றோம். மகன் இரண்டு நாள் உண்ணாமல் முகம் திருப்பிக்கொண்டான்; மூன்றாம் நாள் பசித்தது. கல்லணைக்கு வர மறுத்தான். தோழர்களோடு செல்வதாகச் சொன்னான். இதுவும் ஒரு பருவமே என்று யான் வற்புறுத்தவில்லை. புறப்படும் வேளையில் தானே வந்து ஏறிக்கொண்டான்.

அவ்வண்டியில் எதிர்பாராத ஒருவரும் ஏறினார், என் அத்தையார். எழுபத்திரண்டு வயது. பட்டுக்கோட்டையிற் பிறந்து, ஆறு கல் தொலைவிலுள்ள ஊரில் வாழ்க்கைப்பட்டு, அவ்விரண்டு ஊர்களோடு உறவினர் திருமண வீடுகளையும் சில கோயில்களையும் தவிர வேறிடம் கண்டறியாதவர். "பிள்ளை விடுதிக்குப் போயிடுவா, அவளோட ஒரு தடவை போயிட்டு வர்றேன்" என்றார். ஜூன் 15, ஞாயிறு. அன்று மாலை கல்லணை திறக்கப்பட்டது. கூட்டம் கலைந்த பின்னர் என் மகள் அவர் கையைப் பற்றி மதகருகே அழைத்துச் சென்று, இது காவிரி, இது வெண்ணாறு, அது கொள்ளிடம், இதோ இது நம் ஊருக்கு வரும் புது ஆறு என்று காட்டினாள். எழுபது ஆண்டு அந்நீர் விளைத்த சோற்றை உண்டவர், அது பிரியும் இடத்தை அன்றுதான் கண்டார். முந்தானையில் முடிந்து வந்திருந்த ஒரு பிடி விதைநெல்லைப் புது ஆற்றின் பக்கமாகத் தூவினார். வீடு திரும்பும்வரை சன்னலோரத்து இடத்தை எவர்க்கும் விட்டுத்தரவில்லை.

என் மகள் இப்பொழுது விடுதியில் தங்கிப் பயில்கின்றாள். நான்கு கோடைக்கும் ஆன தொகை, மண்டபத்திற்கென்று முதலிற் கணக்கிட்ட தொகையிற் பாதியைத் தொடவில்லை என்பதைப் பொக்கிஷதார் அவர்கள் கவனத்திற்குக் கொண்டுவருகிறேன்.

வருங் கோடைக்கு மகன் ஒரு திட்டம் எழுதி வைத்திருக்கிறான். 1930-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்து வெயிலில் இராசாசி அவர்களும் ஏறத்தாழ நூறு தொண்டர்களும் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு உப்பெடுக்க நடந்த வழியில், மன்னார்குடியிலிருந்து எஞ்சிய பகுதியைச் சைக்கிளிற் செல்வதென்பது அது. அந்நடை தொடங்கிய ஏப்ரல் 13-ம் தேதியிலேயே நம் பட்டுக்கோட்டைக் கலியாணசுந்தரனார் செங்கப்படுத்தான்காட்டிற் பிறந்தார் என்பதையும் அவனே கண்டெடுத்துச் சொன்னான். தனியே எங்கள் குடும்பம் மட்டும் செல்வதைவிட நம் சங்கத்தின் நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து செல்லலாம் என்பது என் விருப்பம். பெண்பிள்ளைகள் உள்ள வீட்டாருக்கு முதலிடம். பணக்கணக்குப் பிள்ளைகள் கையில் இருக்கும். வழியும் அவர்களே வகுப்பர். பெரியோர் கேட்டபோது மட்டும் சொல்லலாம். பாட்டிமார் வருவதாயின் அவர்களுக்கு ஒரு வேன் அமர்த்திப் பின்னே அழைத்து வருவோம். என் அத்தையார் தம் இடத்தை இப்பொழுதே குறித்து வைத்துவிட்டார். விரும்புவோர் தை மாத முடிவிற்குள் காரியதரிசியவர்களிடம் பெயர் கொடுக்கும்படி வேண்டுகிறேன்.