கஞ்சாவின் பிடியை அறிவது எப்படி? விடுவது எப்படி?

(ஆலை வாயிற் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"கஞ்சா வெறும் மூலிகைதானே, சாராயம் போலக் கெடுதல் இல்லை" என்று சொல்லித் திரிகிறவர்கள் நம்மிடையே உண்டு. இரவு ஷிப்டின் அலுப்புத் தீர, நாற்று நட்ட இடுப்பு வலி மறக்க என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். பழகியவர் எல்லோரும் அடிமையாவதில்லை; ஏறக்குறையப் பத்தில் ஒருவர் ஆகிறார். பதினைந்து, பதினாறு வயதில் தொட்டவனுக்கு ஆபத்து இன்னும் அதிகம். அந்த ஒருவர் யாரென்று முன்கூட்டிச் சொல்ல எந்த ஜோசியனாலும் முடியாது.

அடையாளம் என்ன? கண் சிவப்பதும் காரணமின்றிச் சிரிப்பதும் அன்றைய போதையின் குறி. அடிமைத்தனத்தின் குறி வேறு. முன்பு ஒரு பீடியில் வந்த மயக்கத்துக்கு இப்போது மூன்று வேண்டியிருக்கிறதா? "நாளை விட்டுவிடுகிறேன்" என்று பல தடவை சொல்லியும் முடியவில்லையா? சம்பள நாளன்று அரிசிக்கு முன்னால் பொட்டலத்துக்குக் காசு போகிறதா? காலையில் மிஷினைத் தொடுமுன் ஓர் இழுப்பு இல்லாமல் கை ஓடவில்லையா? இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருந்தாலே யோசிக்க வேண்டும். ஓடும் மிஷின் முன்னால் கவனம் ஒரு நொடி பிசகினால் போவது விரல். கதிரடிக்கும் யந்திரமும் அப்படித்தான்.

காதில் குரல் கேட்கிறது, எல்லோரும் தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்று ஒருவர் சொன்னால், மந்திரவாதியிடம் போகாதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.

நிறுத்தினால் என்ன ஆகும்? ஓரிரு நாளில் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை, வியர்வை, கெட்ட கனவு எல்லாம் வரும். முதல் வாரம்தான் கடுமை. இரண்டு வாரத்தில் பெரும்பாலும் தணிந்துவிடும். தூக்கம் மட்டும் சரியாகச் சில வாரம் கூடுதலாகலாம். மிதமிஞ்சிக் குடித்தவன் சாராயத்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கஞ்சாவில் மட்டும் பழகியவனுக்கு அந்தப் பயம் இல்லை. பீடித் தூளோடு கலந்து புகைத்தவனுக்குப் புகையிலை ஏக்கமும் சேர்ந்து வரும். இதைத் தெரியாமல்தான் பலர் நாலாம் நாளே தோற்றுப் போகிறார்கள்.

கஞ்சா ஆசையை ஒரே மாத்திரையில் அழிக்கும் மருந்து கிடையாது. "மூன்றே நாளில் குணம்" என்று விளம்பரம் செய்பவன் உங்கள் கூலியைத்தான் குறிவைக்கிறான். டாக்டரோடும் ஆலோசகரோடும் வாரா வாரம் உட்கார்ந்து பேசுவதே சிகிச்சை. தூக்கத்துக்கு வேண்டுமானால் மருந்து தருவார்கள்.

போலீசுக்குப் பயந்து பலர் ஒளிகிறார்கள். 1985-ம் ஆண்டுப் போதைப் பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவைக் கேளுங்கள்: சொந்த உபயோகத்துக்காகவோ சிறு அளவுக்காகவோ வழக்கில் சிக்கிய அடிமை, தானே முன்வந்து அரசாங்க அல்லது அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். பாதியில் ஓடினால் விலக்கு பறிபோகலாம்.

எங்கே போவது? அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. போனில் கேட்க 14446; மனக் கஷ்டத்துக்கு 14416. இரண்டும் இலவசம். புறநோயாளிச் சீட்டு காலையில் தருவார்கள். இரவு ஷிப்டு முடிந்தவர்கள் நேரே போகலாம். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் சங்க அலுவலகத்தில் சொல்லுங்கள், கூட ஒருவர் வருவார்.